வெள்ளிக் காசா? முதலில் விற்கிற விலையைக் கேளுங்கள்

சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். கடையை விட்டு இறங்கி இரண்டு தெரு நடந்தால் கொலுசுப் பட்டறைச் சத்தம் கேட்கும். என் கொழுந்தனாருக்கும் அப்படி ஒரு பட்டறையில்தான் வேலை. வெள்ளி நடுவில் குடியிருந்தும் எனக்கு வெள்ளியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது 2019-ல், கல்யாணத்துக்குப் போட்ட கொலுசை விற்கப் போனபோதுதான் புரிந்தது.

நூற்றி எண்பது கிராம் கொலுசு. அன்றைய ரேட்டால் பெருக்கி ஒரு தொகையை மனதில் வைத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் மெஷினில் வைத்து டச் பார்த்தார். 62 என்று வந்தது. நூறு பங்கில் அறுபத்திரண்டு பங்குதான் வெள்ளி, மீதி செம்பும் பற்றவைத்த பொடியும். அதிலும் உருக்கும்போது கழியும் என்று கொஞ்சம் பிடித்தார். நான் நினைத்ததில் பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் கையில் வந்தது. வீட்டுக்கு வந்து புலம்பியபோது கொழுந்தனார் சிரித்தார். "அண்ணி, கொலுசு கால்ல போடறதுக்கு. சேர்த்து வைக்கணும்னா காசா வாங்குங்க" என்றார்.

அடுத்த வருடத்திலிருந்து முடிந்த மாதமெல்லாம் ஒரு இருபது கிராம் காசு வாங்குகிறேன். சில மாதம் விட்டுப் போகும். என்னைப் போல மாதம் இரண்டாயிரம், மூவாயிரம் ஒதுக்க முடிகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கிலோ கணக்கில் கட்டி வாங்குகிறவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இருக்காது.

கடைக்குள் போனதும் எல்லோரும் கேட்பது "இன்னைக்கு ரேட் என்ன?" என்றுதான். நான் இரண்டாவதாக ஒன்று கேட்பேன்: "இதே காசை நாளைக்கு உங்ககிட்டயே கொண்டு வந்தா கிராமுக்கு என்ன போடுவீங்க?" முகம் சுளிக்கிற கடையும் உண்டு. பதில் சொல்கிற கடையில்தான் நான் வாங்குகிறேன். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

கடையின் விலைப் பலகையில் கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், பெருக்கச் சுலபம். இருபது கிராம் காசுக்கு வெள்ளி விலை 2,000. காசு அடித்த கூலி கிராமுக்கு 8 ரூபாய் என்றால் 160. ஆக 2,160. அதன் மேல் ஜி.எஸ்.டி. 3 சதவீதம், 64 ரூபாய் 80 காசு. மொத்தம் 2,224 ரூபாய் 80 காசு கொடுத்துவிட்டு வெளியே வருகிறீர்கள். அன்று மாலையே மனம் மாறி அதே கடையில் திருப்பிக் கொடுத்தால், பலகை விலையில் 5 சதவீதம் பிடிக்கும் கடையாக இருந்தால், 1,900 கிடைக்கும். கூலியும் வரியும் போனது போனதுதான். ஒரே நாளில் 324 ரூபாய் 80 காசு நஷ்டம். போட்ட பணம் அப்படியே திரும்பி வரவேண்டுமானால் பலகையில் 117 ரூபாய் எழுதியிருக்க வேண்டும். அதாவது வெள்ளி 17 சதவீதம் ஏறிய பிறகுதான் உங்கள் லாபக் கணக்கே தொடங்குகிறது.

இதே கணக்கை, அழகான டப்பாவில் வைத்து விற்கிற ஐந்து கிராம் லட்சுமி காசுக்குப் போட்டுப் பாருங்கள். அதில் கிராமுக்கு 20 ரூபாய் கூலி கேட்பதெல்லாம் சாதாரணம். ஐந்து கிராமுக்கு 618 ரூபாய் ஆகும். விலை 130-ஐத் தொட்டால்தான் முதல் மீளும். நூறு கிராம் காசில் கூலி கிராமுக்கு 3 ரூபாய் என்று கிடைத்தால் 112-க்கே மீண்டுவிடும். பெரிதாக வாங்கினால் கூலி குறைகிறது என்பது சரி. ஆனால் அவசரத்துக்கு நாலாயிரம் தேவைப்படும்போது நூறு கிராம் காசைப் பாதியாக வெட்டி விற்க முடியாது. இருபதும் ஐம்பதும் எனக்கு நடுவாந்தரமாகப் பொருந்துகிறது. ஐந்து கிராமைக் கிரகப்பிரவேசத்துக்குப் பரிசு கொடுக்க மட்டும் வாங்குவேன்.

கூலி, பிடித்தம் இரண்டும் கடைக்குக் கடை மாறும். அதனால் நான் சொன்ன எண்களை நம்பாமல் நாலு கடையில் கேட்டு உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் சௌகார்பேட்டை, மதுரையில் தெற்கு ஆவணி மூல வீதி, கோவையில் பெரிய கடை வீதி என்று ஒவ்வொரு ஊரிலும் இதற்கென்று ஒரு தெரு இருக்கிறது. அங்கே ஒரு சனிக்கிழமை வெறுங்கையோடு சுற்றிவிட்டு வந்தால் போதும். கேட்கும்போது காசின் விலையை மொத்தமாகக் கேட்காதீர்கள். வரி உட்பட கையில் கொடுக்கும் தொகையைக் கிராமால் வகுத்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கடையில் "கூலியே இல்லை" என்றார்கள். வகுத்துப் பார்த்தேன், அவர்கள் எழுதியிருந்த ரேட்டே மற்றக் கடைகளைவிட கிராமுக்கு 9 ரூபாய் அதிகம்.

சரி, எந்தக் காசு? சேர்த்து வைக்க என்றால் 999 என்று அடித்த காசுதான். ஆயிரத்தில் 999 பங்கு வெள்ளி. எம்.எம்.டி.சி.-பாம்ப் போன்ற சுத்திகரிப்பு நிறுவனங்கள் 999.9 தரத்தில் அட்டைக்குள் மூடி, வரிசை எண் போட்டு விற்கின்றன. விலை கொஞ்சம் கூடுதல். விற்கும்போது யாரும் சந்தேகப்படாததுதான் அந்தக் கூடுதலுக்கு லாபம், அட்டையைப் பிரிக்காமல் இருந்தால். உள்ளூர் நகைக்கடை தன் பெயர் போட்டு அடிக்கும் காசு மலிவு. ஆனால் அந்தக் கடைக்கு வெளியே கொண்டுபோனால் "உருக்கிப் பார்த்துத்தான் சொல்லணும்" என்பார்கள். நான் இரண்டும் வைத்திருக்கிறேன். உள்ளூர்க் காசு வாங்கும்போது, விற்பதும் அங்கேயேதான் என்று மனதில் முடிவு செய்துகொண்டு வாங்குகிறேன்.

அரசு நாணயச் சாலை வெளியிடும் நினைவு நாணயங்களைப் பார்த்து மயங்குகிறவர்கள் உண்டு. நானும் மயங்கியிருக்கிறேன். தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த ஆயிரம் ரூபாய் நாணயத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் அது 35 கிராமில் 80 சதவீதம்தான் வெள்ளி. 2023-ல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வந்த 75 ரூபாய் நாணயமும் 35 கிராம்தான், அதில் வெள்ளி பாதி. செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. பதினேழரை கிராம் வெள்ளிக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று வகுத்துப் பார்த்தால் தலை சுற்றும். அது சேகரிப்பவர்களின் சந்தை, வெள்ளி ரேட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

பழைய வெள்ளி ரூபாய் வேறு கதை. விக்டோரியா ராணி, எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ஒரு ரூபாய்கள் எங்கள் பக்கத்து வீடுகளில் இன்னும் பூஜைப் பெட்டியில் கிடக்கின்றன. ஒரு ரூபாய் என்றால் ஒரு தோலா, 11.66 கிராம். பன்னிரண்டு பங்கில் பதினொரு பங்கு வெள்ளி, கிட்டத்தட்ட 10.7 கிராம் சுத்த வெள்ளி. 1940-லிருந்து, யுத்த காலத்தில், வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். 1947-ல் அடித்த ரூபாயில் வெள்ளியே இல்லை, நிக்கல். என் மாமியார் கொடுத்த ஏழு ரூபாயில் இரண்டு 1944. ஏழையும் ஒரே மாதிரி நினைத்திருந்தேன். ஆண்டைப் பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்து வாங்கினால் பாதி வெள்ளிக்கு முழு வெள்ளி விலை கொடுத்துவிட்டு வருவோம். சந்தையிலும் கோயில் வாசலிலும் விற்கும் "ராணி காசு"களில் போலி ஏராளம். அப்புறம், 1818 என்று போட்டு, ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, இன்னொரு பக்கம் ராமரோ அனுமாரோ இருக்கும் காசு வந்தால் ஓடிவிடுங்கள். கம்பெனி அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை. "அரிசியை இழுக்கும், கோடி ரூபாய் போகும்" என்று ஊரை ஏமாற்றுகிறவர்களின் சரக்கு அது.

இனி சோதனை. காந்தம் ஒட்டினால் அது வெள்ளி இல்லை. ஒட்டாவிட்டால் வெள்ளி என்று அர்த்தமில்லை, செம்பும் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது. ஐஸ் கட்டி வைத்துப் பார்ப்பது, தட்டி ஓசை கேட்பது எல்லாம் வீடியோவில் பார்க்க நன்றாக இருக்கும். செம்பின் மேலும் ஐஸ் வேகமாகத்தான் உருகும். நான் நம்புவது தண்ணீர்க் கணக்கை. பத்தாம் வகுப்பு படித்த மகள் சொல்லிக்கொடுத்தாள்.

இரண்டு தசமம் வரை காட்டும் சின்ன பாக்கெட் தராசு ஒன்று வேண்டும், சில நூறு ரூபாய்தான். முதலில் காசை எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு சின்ன டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றித் தராசின் மேல் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, தண்ணீருக்குள் முழுக்க மூழ்கும்படி கையால் பிடித்துத் தொங்கவிடுங்கள். அடியிலும் படக்கூடாது, ஓரத்திலும் படக்கூடாது. காசில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் லேசாக ஆட்டி உதிர்த்துவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்தான் காசு விலக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை அதனால் வகுத்தால் வெள்ளிக்கு 10.49 வரவேண்டும். இருபது கிராம் காசு என்றால் தராசு 1.91 காட்டும். செம்பின் மேல் முலாம் பூசியிருந்தால் 2.23 பக்கம் போகும். ஜெர்மன் சில்வர், அதில் பெயரைத் தவிர வெள்ளி கிடையாது, 2.3 பக்கம் வரும். கை நடுங்கும், முதல் தடவை சரியாக வராது. மூன்று தடவை செய்து பாருங்கள்.

இந்தச் சோதனை போலியைக் காட்டிக்கொடுக்கும், தரத்தைக் காட்டாது. 925 வெள்ளியின் அடர்த்தி 10.36 பக்கம், அதாவது இருபது கிராமுக்கு 1.93. 1.91-க்கும் 1.93-க்கும் உள்ள வித்தியாசம் நூல் கொஞ்சம் ஆடினாலே வந்துவிடும். 999-ஆ 925-ஆ என்று தெரிய டச் மெஷின்தான் வேண்டும். செவ்வாய்பேட்டை மாதிரித் தெருக்களில் சின்னக் கட்டணத்துக்குப் பார்த்து எண் போட்ட சீட்டுக் கொடுப்பார்கள். மெஷினும் மேல்பரப்பைத்தான் பார்க்கிறது என்பதால், மெஷின் சீட்டும் தண்ணீர்க் கணக்கும் இரண்டும் ஒத்துப்போனால்தான் எனக்குத் தூக்கம் வரும். அட்டைக்குள் மூடிய காசை இதற்காகப் பிரிக்க வேண்டாம். அதை வாங்கும் இடம் சரியாக இருந்தாலே போதும்.

தங்கம் போல வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை. ஆனால் 2025 செப்டம்பர் 1 முதல், ஹால்மார்க் செய்யும் வெள்ளி நகைக்கும் பாத்திரத்துக்கும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாள எண் (ஹெச்.யூ.ஐ.டி.) வந்திருக்கிறது. அந்த எண் இருந்தால், தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம்.

பில் வாங்குங்கள். ஒரு கடையில் "பில் வேண்டாம்னா வரி இல்லாம தர்றேன்" என்று எஸ்டிமேட் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். 2021-ல் ஆசைப்பட்டு மூன்று காசு அப்படி வாங்கினேன். ஒரு வருடம் கழித்து அதே கடைக்குத் திருப்பிக் கொண்டு போனபோது, அது தங்கள் காசே இல்லை என்றார்கள். மிச்சம் பிடித்த வரி நூற்றுச் சொச்சம், பழைய வெள்ளி என்று போட்டதில் போனது அதைப்போல நாலு மடங்கு. பில்லில் எடை, தரம், கூலி மூன்றும் தனித்தனியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன் இப்போதெல்லாம். வருமான வரிக்கும் அது வேண்டும்: வாங்கி 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் லாபம் உங்கள் வருமானத்தோடு சேரும். 2024 ஜூலை 23-லிருந்து இப்படி.

எப்போது வாங்குவது? எனக்குத் தெரிந்த ஒரே பதில், எல்லோரும் வாங்கும் நாளில் வாங்காமல் இருப்பது. அட்சய திருதியை அன்று கூலி குறைத்துத் தந்து நான் பார்த்ததில்லை. 2025 அக்டோபர் தீபாவளிக்கு முன் சென்னையில் கிராம் 200-ஐத் தாண்டியது. கடைகளில் காசு தீர்ந்து, பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். பலகை விலைக்கு மேல் தனியாக வேறு கேட்டார்கள். அந்த மாதம் முடியும் முன்பே 170-க்குக் கீழே வந்துவிட்டது. எங்கள் தெருவில் ஒருவர் தீபாவளி போனஸை முழுசாகப் போட்டிருந்தார். வெள்ளியின் குணம் எப்போதும் இதுதான். 2011 ஏப்ரலில் கிலோ எழுபதாயிரத்தைத் தாண்டிய வெள்ளி, 2015 முடிவில் முப்பத்தைந்தாயிரத்துக்குக் கீழே கிடந்தது. பழைய உச்சத்தைத் தாண்ட 2020 ஆகிவிட்டது, ஒன்பது வருடம். வெள்ளியில் பாதிக்கு மேல் சோலார் பேனல், எலெக்ட்ரானிக்ஸ் என்று தொழிற்சாலைக்குப் போகிறது. தொழில் படுத்தால் வெள்ளியும் படுக்கும், தங்கம் மாதிரி தாங்கி நிற்காது. அதனால் நான் மாதா மாதம் ஒன்று என்று போகிறேன். வீட்டுச் சேமிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெள்ளியில் வைப்பதில்லை. கடன் வாங்கிக் காசு வாங்குவது, மாதச் சீட்டு என்று கடைக்காரரிடமே பணத்தை விட்டு வைப்பது, இரண்டும் கிடையாது. பணம் கொடுத்தால் காசு அன்றே கைக்கு வரவேண்டும்.

விலை ஏற்றத்தை மட்டும் பிடிக்க வேண்டும் என்றால் சில்வர் இ.டி.எஃப். இருக்கிறது, வெள்ளி விலையோடு ஏறி இறங்கும், பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட். கூலி இல்லை, பூட்டு இல்லை, சந்தை நேரத்தில் ஒரு நொடியில் விற்கலாம். என் தம்பி அதைத்தான் செய்கிறான். எனக்குக் கையில் தொட்டுப் பார்க்க வேண்டும், அதோடு போனில் இருந்தால் சட்டென்று விற்றுவிடுவேன் என்ற பயமும் உண்டு.

வைப்பதில் செய்த தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் காசுகளை ஐந்தைந்தாக அடுக்கி ரப்பர் பேண்ட் போட்டு வைத்தேன். ஆறு மாதத்தில் ரப்பர் பட்ட இடமெல்லாம் கருப்புக் கோடு. ரப்பரில் கந்தகம் இருக்கிறது, வெள்ளிக்கு அதுதான் எதிரி. உடனே, வீட்டு வெள்ளி விளக்கைத் தேய்ப்பது போல விபூதி போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டேன். அது இன்னும் பெரிய தப்பு, மேலே சிராய்ப்பு விழுந்து அச்சு மங்கியது. விளக்குக்குச் சரி, காசுக்குக் கூடாது. கறுத்தால் கறுக்கட்டும், உருக்குகிறவருக்குக் கறுப்பு ஒரு பொருட்டே இல்லை. கண்ணுக்கு உறுத்தினால் ஒரு கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, சுடுதண்ணீரும் ஒரு ஸ்பூன் சோடா உப்பும் போட்டு, காசு தாளைத் தொடும்படி இரண்டு நிமிடம் வைத்தால் கறுப்பு போய்விடும், வெள்ளி தேயாது. பூஜையில் வைத்தால் குங்குமத்தைத் தொட்டு வைக்காதீர்கள், தட்டில் வைத்து எடுத்துவிடுங்கள். இப்போது ஒவ்வொரு காசும் ஒரு ஜிப் கவரில், கூடவே ஒரு சாக்பீஸ் துண்டு, ஈரத்தை இழுக்க. பில்லின் போட்டோ போனில், ஒரிஜினல் வேறு இடத்தில். காசு இருக்கும் இடம் என்னையும் என் கணவரையும் தவிர ஒருவருக்குத் தெரியும், அது கொழுந்தனார் இல்லை.

அவசரத்துக்கு அடகு வைப்பதற்கும் இப்போது வழி இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் 2025 விதிகள் 2026 ஏப்ரல் 1-க்குள் நடைமுறைக்கு வரும்படி போடப்பட்டவை. அதன்படி வெள்ளி நகைக்கும் காசுக்கும் கடன் கொடுக்கலாம், காசு என்றால் ஒருவருக்கு 500 கிராம் வரை. கட்டி வெள்ளிக்குக் கிடையாது. எல்லாக் கிளையும் கொடுக்கும் என்று எண்ணிப் போகாதீர்கள், முதலில் போன் செய்து கேளுங்கள்.

விற்கப் போகும்போது காலை ரேட் வந்த பிறகு போங்கள். விலை ஒரே நாளில் இரண்டு தடவை மாறுவதுண்டு. பில்லை எடுத்துப் போங்கள், ஆனால் முதலில் நீட்டாதீர்கள். காசை மட்டும் காட்டி விலை கேளுங்கள், பிறகு பில்லைக் காட்டுங்கள். அந்த இரண்டு எண்ணுக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தில் கடைக்காரரின் குணம் தெரிந்துவிடும். உங்கள் தராசில் போட்ட எடையும் அவர் தராசின் எடையும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கண் முன்னால் உருக்காமல் உள்ளே எடுத்துப் போகிறேன் என்றால் காசைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட 2025 ஜூனில் பதினைந்து காசு விற்றேன். முந்நூறு கிராம். பலகையில் கிராம் 120 பக்கம் இருந்தது, எனக்குப் போட்டது 112. 33,600 ரூபாய் வந்தது. கணக்கு நோட்டைப் பார்த்தால் கூலி, வரி எல்லாம் சேர்த்து அந்தப் பதினைந்துக்கும் நான் போட்டது 25,200. நாலு மாதம் பொறுத்திருந்தால் 200 ஆகியிருக்குமே என்று கொழுந்தனார் இப்போதும் சொல்லிக்காட்டுகிறார். ஃபீஸுக்குக் கடைசி தேதி ஜூன் 27.